சவத்துக்குக் கட்டணம் வாங்கியவள்

ஹேவர்டன் ஜெபவீட்டில் பிரசங்கத்தின்போது யாரும் தூங்கியதில்லை என்றால், அந்தப் பெருமை போதகரைச் சேராது. சாலைச் சாவடியில் தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற கேத்தூரா வில்மார்த்தைத்தான் சேரும்.

சாலை போட்ட கம்பெனியின் சட்டம் அப்படி. ஜெபவீட்டுக்குப் போகிறவனிடம் கட்டணம் வாங்கக் கூடாது, மில்லுக்கு மாவு அரைக்கப் போகிறவனிடம் வாங்கக் கூடாது, சவ ஊர்வலத்திடம் வாங்கக் கூடாது. மற்ற வண்டியும் குதிரையும் காசு வைத்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். இதை எழுதிய புண்ணியவான் மனிதர்களோடு பழகியவனாக இருக்க முடியாது. ஜெபவீடு, மில், கல்லறை எல்லாமே சாவடிக்கு வடக்கே இருந்தன. சட்டம் வந்த வருஷமே எங்கள் தெற்கு மேட்டுக் குடியானவர்களுக்குப் பக்தி பெருகிவிட்டது. அறுவடை முடிந்து எலிக்குக்கூடத் தானியம் இல்லாத மாதத்திலும் மாவு அரைக்கப் போனார்கள்.

கேத்தூரா யாரையும் நம்புகிற ரகம் இல்லை. மில் என்று சொன்னவனின் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவாள். ஒரு தரம் தானியத்துக்கு அடியிலிருந்து புது பூட்ஸ் ஒரு ஜோடியை உருவி எடுத்து, “இதையும் அரைக்கவா?” என்று கேட்டாள். ஜெபவீட்டுக்குப் போகிறவர்களைப் போகும்போது தடுக்க மாட்டாள். திரும்பும்போது பிடிப்பாள். “இன்னிக்கு என்ன வசனம்?” என்பாள். சொல்லத் தெரியாதவன் போக வர இரண்டுக்கும் காசு வைக்க வேண்டும். அதனால்தான் வண்டியில் வரும் வழியெல்லாம் தாய்மார்கள் பிள்ளைகளுக்கும் புருஷன்மார்களுக்கும் வசனத்தை உருப்போட்டுக் கொடுத்துக்கொண்டே வருவார்கள்.

புளுகர்களில் தலைமகன் அசரியா த்ரால். தெற்கு மேட்டில் கல்லும் மரக்கட்டையுமாக ஒரு நிலம் வைத்திருந்தான். எந்த ஞாயிறு கேட்டாலும் அவனிடம் ஒரே வசனம்தான் இருந்தது.

“இயேசு கண்ணீர் விட்டார்.”

“போன வாரமும் அதானே விட்டாரு?”

“போதகருக்கு அது ரொம்பப் பிடிக்கும்க்கா. நான் என்ன பண்ணட்டும்?”

“வேதத்துலயே சின்ன வசனம். உனக்கும் அதான் பிடிக்கும். காசை வை.”

காசு வைக்கும்போது அசரியா பல்லைப் பிடுங்கக் கொடுத்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். கம்பத்தில் அடித்திருந்த இரும்புப் பெட்டிக்குள் அது ணங்கென்று விழும் சத்தம் பாதி மேடு வரைக்கும் கேட்கும்.

அவன் மனைவி சில்பா நேர் எதிர். குதிரையில் தனியாக வருவாள். எங்கே என்று கேத்தூரா கேட்டால், “எங்கயும் இல்லக்கா. அந்தாளு மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா பைத்தியம் புடிச்சிரும். சும்மா ஒரு சுத்து” என்று சொல்லிக் காசை வைத்துவிட்டுப் போவாள். மில்லுக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் மிச்சமாகிற காசு அது. அவள் சொன்னதே இல்லை. கேத்தூராவுக்கு முதலில் அதுவே பெரிய சந்தேகமாக இருந்தது. இப்படி உண்மை பேசுகிறவள் எதையோ மறைக்கிறாள் என்று ஒரு கோடை முழுக்கக் கண் வைத்திருந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், இந்த ஊரில் நம்ப ஓர் ஆள் இருக்கிறாள் என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டாள். அதை வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சில்பாவும் கெட்டுப்போவாள் என்பது அவள் எண்ணம்.

இவ்வளவு சந்தேகமும் அவளுக்குச் சும்மா வந்ததில்லை. அவள் பிறந்த ஊரில் அப்பா செத்த வருஷம் அம்மாவையும் அவளையும் ஊர்க்கூட்டத்தில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார்கள். திக்கற்றவர்களுக்குச் சோறு போடுவது ஊரின் கடமை. அதைச் செய்து முடிக்க ஊருக்குத் தெரிந்த வழி ஏலம். உலகத்தில் மற்ற ஏலமெல்லாம் மேலே ஏறும், இது கீழே இறங்கும். இவர்களை வைத்துக் காப்பாற்ற ஊர்ப் பணத்தில் எவன் குறைவாகக் கேட்கிறானோ அவன் வீட்டுக்கு ஓட்டிப் போகலாம். அன்றைக்கு எல்லாரையும்விடக் குறைவாகக் கேட்டவன் நல்ல சிரித்த முகம், மெல்லிய குரல். எவ்வளவு தயாளன் என்று ஊரே சொன்னது. அவன் வீட்டு விறகுக் கொட்டகையில் படுத்து, வெண்ணெய் எடுத்த மோரை மட்டும் குடித்தே இரண்டாவது குளிர்காலத்தில் அம்மா செத்துப்போனாள். குறைவாகக் கேட்பவன்தான் நிறையப் பிடுங்குவான் என்பது கேத்தூரா அங்கே கற்ற பாடம்.

பிறகு சாவடிக் காவலாளி ஒருவனைக் கட்டிக்கொண்டாள். மரம் விழுந்து அவன் செத்தபோது, அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடைக்காததால் கம்பெனி அவளையே நீடிக்க விட்டது. சாவடியை ஒட்டிய இரண்டு அறை வீடு வேலையோடு சேர்ந்தது. பனி இறுகிய கட்டை ஒரு நாள் கையிலிருந்து நழுவி இடுப்பில் இறங்கியதிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். வேறு வீட்டில் வேலைக்குப் போகிற உடம்பு இல்லை. அந்த வீடு போனால் அடுத்து பெஞ்சுதான் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும்.

அந்த நிலையில்தான் கனடாவோடு எந்த வியாபாரமும் கூடாது என்று வாஷிங்டனில் சட்டம் போட்டார்கள். எங்கள் மேட்டில் விளைவது கல், அடுத்தபடி மரம். மரத்தை எரித்து, சாம்பலைக் கரைத்து, காய்ச்சி எடுக்கிற வெள்ளைச் சாம்பல் உப்பு ஒன்றுதான் கையில் காசாக மாறுகிற பண்டம். அதை வாங்குகிறவன் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தான். எல்லையோ ஜெபவீட்டிலிருந்து ஒரு மத்தியான நடை. கடத்துகிறவனைக் காட்டிக் கொடுப்பவனுக்குப் பிடிபட்ட சரக்கில் பாதி என்று அரசாங்கம் அறிவித்தது. அன்றோடு எங்கள் ஊரில் அண்டை வீட்டுக்காரன் அடுப்பு நெருப்பு வாங்க வந்தாலும் எதை எட்டிப் பார்க்கிறான் என்று யோசிக்க ஆரம்பித்தோம். வீட்டுக்கு வீடு சாம்பல் உப்பு இருந்தது, எந்த வீட்டுக்காரனும் வாய் திறக்கவில்லை.

சாவுகள் கூடின. குளிர்காலத்தில் எங்கள் மண் இரும்பாக உறைந்துவிடும், குழி வெட்ட முடியாது. சவப்பெட்டிகளைக் கல்லறை ஓரத்துக் கல் கிடங்கில் அடுக்கிவைத்து, பனி உருகிய பிறகுதான் புதைப்பார்கள். கிடங்குக்குள் போன பெட்டியில் என்ன இருக்கிறது என்று வசந்தம் வரை கேட்பாரில்லை. அதற்குள் எந்தப் பெட்டி வடக்கே நகர்ந்தது என்று பார்ப்பாரும் இல்லை. கேத்தூரா மூட்டையைத் துழாவுவாள், வசனம் கேட்பாள். ஆனால் சாவை எப்படிச் சோதிப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. பெட்டி வந்தால் கட்டையைத் தூக்கிவிட்டுத் தலை குனிந்து நின்றாள்.

தெற்கு மேட்டு ஒபேத் பெக்கும் அப்படி ஒரு பெட்டியோடு வடக்கே போனான். இரண்டு வாரம் கழித்து ஒரு பகலில் அவன் அத்தை டோர்காஸ் சறுக்குவண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு சாவடிக்கு வந்து சேர்ந்தாள். கேத்தூரா கட்டையைத் தூக்காமல் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“அத்தை, உங்களை இந்த வழியாத்தான் எடுத்துட்டுப் போனாங்க.”

“யாரு?”

“உங்க ஒபேத்துதான். பெட்டியில வெச்சு. நான் நின்னு அழுதேன்.”

டோர்காஸ் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தாள். “நீ அழுதியா? நல்லவடி நீ. அந்தப் பய அழுதானா?”

“மூக்கைச் சிந்தினான்.”

“அது அவனுக்குப் பொறந்ததுலேர்ந்து உள்ளது. கட்டையைத் தூக்கு, மில்லுக்குப் போகணும்.”

செத்தவள் சொன்னாலும் மில் மில்தானே. கேத்தூரா அவள் மூட்டைக்குள்ளும் கையை விட்டுப் பார்த்துத்தான் அனுப்பினாள்.

இந்தக் கதையைச் சத்திரத்தில் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. சிரிப்பு கம்பெனி ஏஜென்ட் பென்னிமன் காதுக்கும் போனது. மாதம் ஒரு முறை வந்து இரும்புப் பெட்டியைத் திறந்து எடுத்துப் போகிறவன் அவன். அந்த மாதம் பெட்டியை இரண்டு முறை குலுக்கிப் பார்த்தான்.

“இந்தாம்மா, உங்க ஊர்ல கொள்ளை நோய் ஏதாவது பரவுதா?”

“இல்லையே.”

“பின்ன ஏன் இத்தனை சாவு? ஆளுக்கு ரெண்டு தரம் சாகறாங்களாமே. ஒபேத் பெக் உனக்கு எவ்வளவு குடுத்தான்?”

“எனக்கு யாரும் ஒண்ணும் குடுக்கல.”

“குடுக்காமலா கண்ணை மூடிட்டு விடுவே? ஊரையே துழாவறவ நீ.” பென்னிமன் பெட்டியைப் பூட்டினான். “இன்னொரு பொய்ச் சாவு இந்தக் கட்டையைத் தாண்டட்டும். மார்ச் ஊர்க்கூட்டத்துக்கு முன்னாடி வீட்டைக் காலி பண்ணிக் குடுத்துரணும்.”

மார்ச் ஊர்க்கூட்டத்தில்தான் ஏழைகளை ஏலம் விடுவார்கள். அவன் அதைத் தெரிந்தேதான் சொன்னான். அடுத்து எந்தப் பெட்டி வந்தாலும், ஜனாதிபதியின் பெட்டியாகவே இருந்தாலும், திறந்து பார்க்காமல் விடுவதில்லை என்று கேத்தூரா முடிவு செய்துகொண்டாள்.

பிப்ரவரியில் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்துப் பனி குழம்பிக் கிடந்த ஒரு நாள் மத்தியானம் அடுத்த பெட்டி வந்தது. சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு இரண்டு எருதுகள், முன்னால் அசரியா த்ரால், பின்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி தெற்கு மேட்டுக்காரர்கள் சிலர். அவர்களில் ஒபேத் பெக்கும் இருந்தான்.

“சில்பாவா?” என்றாள் கேத்தூரா.

“ஆமாக்கா. நேத்து விடியுறப்ப.”

இலையுதிர்காலத்திலேயே சில்பாவின் நெஞ்சில் சீக்கு இறங்கிவிட்டது என்று கேத்தூரா அறிவாள். கடைசியாகப் பார்த்தபோது காய்ந்த சுள்ளி மாதிரி குதிரை மேல் உட்கார்ந்திருந்தாள். அப்போதும் காசு வைத்துவிட்டுத்தான் போனாள்.  கட்டையைத் தூக்கக் கேத்தூராவின் கை போனது. அப்போதுதான் எருதுகளைப் பார்த்தாள். நாக்குத் தொங்க, விலாவிலிருந்து ஆவி பறக்க நின்றன. சறுக்குக் கட்டைகள் பனியை அறுத்துக்கொண்டு அடியிலிருந்த கப்பிக்கல் வரை இறங்கியிருந்தன. சுள்ளியை இழுக்க எருதுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று நினைத்தாள். கை தானாகக் கீழே இறங்கியது.

“பெட்டியைத் திற.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஒபேத் பெக் முன்னால் வந்தான். “ஏம்மா, பொண்டாட்டி செத்தவன்கிட்டயா உன் சந்தேகத்தைக் காட்டுவே? உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?”

“உங்க அத்தை நல்லா இருக்காங்களா, ஒபேத்து?”

ஒபேத் வந்த வழியே பின்னால் போனான். அசரியா எருதின் கழுத்தைத் தடவிக்கொண்டே, “திறக்க வேணாம்க்கா. நான் கட்டணத்தைக் குடுத்துர்றேன்” என்றான்.

விஷயம் அத்தோடு முடிந்தது. பூமி உண்டான நாளிலிருந்து அசரியா த்ரால் கேட்காமல் காசு கொடுத்ததில்லை. புளுகாமலே இலவசமாகப் போகக்கூடிய ஒரே நாளில் காசு தருகிறேன் என்கிறான். உள்ளே சில்பா இல்லை, அவள் எங்கேயோ படுக்கையில் இருமிக்கொண்டிருக்கிறாள், இந்தப் பாவி அவளை உயிரோடு வைத்துக்கொண்டே ஊர்வலம் எடுக்கிறான் என்று கேத்தூராவுக்கு ரத்தம் கொதித்தது. மற்றவர்களை விறகு அடுக்குக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னாள். அசரியா ஆணிக்குப் பதில் அடித்திருந்த மர முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். மூடி விலகியது.

சில்பாதான். வெளுத்த தொப்பி, மடித்துவைத்த கை, உள்வாங்கிய கன்னம். கேத்தூரா நெடுநேரம் பார்த்தாள். தன் மீதே அவளுக்கு அருவருப்பு வந்தது. மூடச் சொல்ல வாயெடுத்தவள், அப்படியே நின்றாள். பெட்டி ஆளின் இடுப்பளவு ஆழம் இருந்தது. சில்பாவோ மூடியைத் தொட்டுவிடுவது போல மேலே கிடந்தாள். கேத்தூரா பெட்டியின் பக்கவாட்டில் விரலால் தட்டினாள். மேல் பாதி டொக்கென்றது. கீழ்ப் பாதி சத்தமே தரவில்லை.

“சாம்பல் உப்பா?” என்றாள் மெதுவாக.

அசரியா தலையை ஆட்டினான். சில்பாவின் வைத்தியத்துக்கு கறவைப் பசுவைக்கூட விற்றாகிவிட்டது, விதைக்கு வழி இல்லை, இது ஒன்றுதான் மிச்சம் என்று வாய்க்குள் சொன்னான்.

“இது அவளுக்குத் தெரியுமா?”

“அவதான்க்கா சொன்னா. ‘நான் எப்படியும் போறேன், அதுவும் கூட வரட்டும், பெட்டிய ஆழமா அடி’ன்னு சொன்னா. படுத்துக்கிட்டே அளவும் சொன்னா.” அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளிக் காசை எடுத்தான். “இதையும் அவதான் தலைமாட்டுல வெச்சிருந்தா. ‘கேத்தூராக்கா கேட்டாங்கன்னா சரக்குக்கு உள்ளதைக் குடுத்துரு, என் பேர்ல ஒரு பொய் வேணாம்’னா. நான்தான் குடுக்காமப் போயிரலாம்னு பாத்தேன்.”

கேத்தூரா காசைப் பார்த்தாள். எல்லைக் காவலர்களுக்கு ஒரு சொல் அனுப்பினால் போதும், சரக்கில் பாதி அவளுக்கு, பென்னிமன் வாயை மூடுவான், இரண்டு அறை வீடு சாகும் வரை நிலைக்கும். அவள் அதை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாக நினைத்தாள், ஒரு பெருமூச்சு விடும் நேரத்துக்கு. பிறகு சில்பாவின் தொப்பியைச் சரிசெய்து மூடியை இழுத்து மூடினாள்.

“சவத்துக்கு இலவசம். சரக்குக்குக் கட்டணம் உண்டு” என்று அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். “வாஷிங்டன் சட்டம் வாஷிங்டன்காரனுக்கு. என் கட்டை கம்பெனிக் கட்டை. காசை இரும்புப் பெட்டியில போடு.”

அசரியா போட்டான். ணங்கென்று விழுந்த சத்தம் விறகு அடுக்குக்கு அப்பால் நின்றவர்களுக்கும் கேட்டது. அவர்களுக்குக் கேட்டது அது ஒன்றுதான்.

மாலையில் அசரியா வெறும் வண்டியோடு திரும்பி வந்தான். எருதுகள் துள்ளி நடந்தன. அவள் கேட்கவில்லை, அவனாகத்தான் வண்டியை நிறுத்தினான்.

“இயேசு கண்ணீர் விட்டார்” என்றான். “இன்னிக்கு நெசமாவே அதான்க்கா வசனம்.”

“தெரியும், போ” என்றாள் கேத்தூரா. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சவத்துக்குக் கட்டணம் வாங்கியவள் என்று அவளுக்குப் பேர் வைத்தார்கள். பெட்டியைத் திறக்க வைத்தாளாம், உள்ளே சில்பாவைப் பார்த்த பிறகும் அழுகிற புருஷனிடம் காசு கறந்தாளாம். பெண்கள் வசனம் சொல்வதை நிறுத்திவிட்டுக் காசைப் பனியில் வீசிவிட்டுப் போனார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அந்தச் சாவடியில் இவள் இருக்கவே கூடாது என்று கம்பெனிக்கு ஒரு மனு தயாரானது. முதல் கையெழுத்து ஒபேத் பெக்குடையது.

பென்னிமன் வந்தான். “கம்பெனிக்குக் காசு வந்தா எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. ஆனா பொணத்துக்கிட்டயாம்மா?”

“சட்டப்படிதான் வாங்கினேன்.”

“எந்தச் சட்டப்படி?”

அவள் கட்டையில் ஒட்டிய பனியைச் சுரண்டப் போனாள். சொன்னால் அசரியா சிறைக்குப் போவான், காட்டிக்கொடுத்த பாதி தன் மடியில் விழும். எது நடந்தாலும் சில்பாவின் பெட்டியை வெளியே இழுத்துப்போட்டு உடைப்பார்கள்.

பென்னிமன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். “நீ எதையோ மறைக்கற.” ஊரையே சந்தேகப்பட்டவளை அன்றுதான் ஒருத்தன் சரியாகச் சந்தேகப்பட்டான்.

அடுத்த வாரம் அசரியா மூட்டையோடு வந்தான். அவள் கையை விட்டுத் துழாவும்போது தலையைக் குனிந்துகொண்டு, “கூட்டத்துல நான் எல்லாத்தையும் சொல்லிர்றேன்க்கா” என்றான்.

“நீயா?” என்றாள் கேத்தூரா.

“சில்பா மேல சத்தியமா.”

அவள் நம்பவில்லை. ஆனால் கூட்டம் வரும் வரை அந்தச் சத்தியம் முள் மாதிரி உள்ளே தைத்துக்கொண்டே இருந்தது. நம்பாதவளுக்கு எதிர்பார்ப்பு வந்தால் அதைவிடக் கொடுமை இல்லை.

மார்ச் ஊர்க்கூட்டம் ஜெபவீட்டில் நடந்தது. ஊருக்குள் திரியும் பன்றிகளைப் பிடித்து அடைக்க ஆள் தேர்ந்தெடுத்தார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவனை அதில் போட்டுச் சிரிப்பது வழக்கம், சிரித்தார்கள். வேலி பார்க்க ஆள் போட்டார்கள். பிறகு ஒபேத்தின் மனுவை வாசித்தார்கள். கூட்டத் தலைவரான பெரியவர், யாராவது இதற்கு மாறாகப் பேச வேண்டுமா என்று கேட்டார்.

கேத்தூரா திரும்பி அசரியாவைப் பார்த்தாள். அவன் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். பாதி எழுந்தான். கடைசிப் பெஞ்சில் எல்லைக் காவலர்களின் ஆள் ஒருவன் காலை நீட்டி உட்கார்ந்திருந்ததை அதே நேரம் இரண்டு பேரும் பார்த்தார்கள். அசரியா உட்கார்ந்துவிட்டான். அவன் நிலைமை அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஊர் விருப்பம் அதுவானால் கம்பெனிக்கு மறுப்பில்லை என்று பென்னிமன் எழுந்து சொன்னான்.

அதன் பிறகு ஏழைகள். ஒரு குருட்டுக் கிழவன், அடுத்து கேத்தூரா. சின்ன வயதில் ஏறியது போன்ற பெஞ்சில் இடுப்பு வலிக்க மறுபடி ஏறினாள். ஒருத்தர்கூட அவள் கையைப் பிடித்து ஏற்றிவிடவில்லை.

ஒபேத் பெக் ஒரு தொகை கேட்டான். இன்னொருவன் குறைத்தான். முன்வரிசையில் நல்ல கம்பளிக் கோட்டுப் போட்ட பெரிய மனிதர் ஒருவர் புன்சிரிப்போடு, மெல்லிய குரலில், இன்னும் குறைவாகச் சொன்னார்.  அப்படிப்பட்ட குரலைக் கேத்தூரா எந்த வயதிலும் அடையாளம் கண்டுகொள்வாள். ஏலச் சுத்தியல் உயர்ந்தது.

“எனக்கு ஒண்ணும் வேணாம்.”

அசரியாதான். எழுந்து நின்றிருந்தான், காது வரை சிவந்திருந்தது.

“ஒண்ணும்னா?” என்றார் கூட்டத் தலைவர்.

“ஊர்ப் பணம் ஒரு காசு வேணாம். நான் வெச்சுக் காப்பாத்தறேன்.”

“பொண்டாட்டி போய் ஒரு மாசம் ஆகல” என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான், கூடம் சிரித்தது. சுத்தியல் இறங்கியது. ஒன்றுமே கேட்காதவனை விடக் குறைவாகக் கேட்க எந்த ஊரிலும் ஆள் கிடையாது.

தெற்கே போகும் பாதையில் சறுக்குவண்டியின் பின்பலகையில் மூட்டையோடு மூட்டையாகக் கேத்தூரா உட்கார்ந்திருந்தாள். குறைவாகக் கேட்பவன் நிறையப் பிடுங்குவான். இவன் ஒன்றுமே கேட்கவில்லை என்றால் என்ன எடுக்கப் போகிறான் என்று அவன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் அவன் வாய் திறந்தான்.

“சொல்லணும்னுதான்க்கா எந்திரிச்சேன். வாய் வரல.”

“பேச வேண்டிய எடத்துல பேசாம ஏலத்துல வந்து பேசினே.”

“ஆமா” என்றான் அசரியா. “சில்பா ரூம்பு காலியா இருக்கு. தெற்குப் பாத்த ஜன்னல். அடுப்புச் சூடு வரும்.”

“விறகுக் கொட்டகை எங்க இருக்கு?”

“எதுக்கு?”

“பாத்து வெச்சுக்கத்தான்.”

சாவடி வந்தது. அவள் வீட்டுப் புகைக்கூண்டில் அதற்குள் புகை வந்துகொண்டிருந்தது. கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ஒபேத் பெக்கின் மைத்துனன். மனு எதற்குப் பிறந்தது என்று அவளுக்கு அப்போது தெளிந்தது. மைத்துனன் அவள் பக்கம் பார்க்காமல் அசரியாவிடம், “எங்கேர்ந்து?” என்று கேட்டான்.

அசரியாவின் வாய் பழக்கதோஷத்தில் தானாகத் திறந்தது. “மில்லுக்குப் போயிட்டு...”

“பொய்” என்றாள் கேத்தூரா பின்பலகையிலிருந்து. “கூட்டத்துலேர்ந்து வரான். ஏலத்துல சரக்கு எடுத்துருக்கான். கட்டணம் வாங்கு.”

“சரக்கா? எங்க இருக்கு சரக்கு?”

“கண்ணு தெரியலையா உனக்கு? பெஞ்சு மேல ஏத்தி, வெலை பேசி, சுத்தியல் அடிச்சுக் குடுத்த சரக்கு. இந்தா உக்காந்திருக்கு.”

மைத்துனன் அசரியாவைப் பார்த்தான். அசரியா எருதுகளைப் பார்த்தான். பிறகு, யாரும் இரண்டாம் முறை கேட்பதற்கு முன்பே, சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு காசை எடுத்து நீட்டினான். மைத்துனன் அதை வாங்கித் தன் பைக்குள் போடப் போனான்.

“அங்க இல்ல” என்றாள் கேத்தூரா. “பெட்டிக்குள்ள.”

ணங்கென்ற சத்தம் கேட்கும் வரை அவள் வண்டியை நகர விடவில்லை.